ஆடு தின்னாத இலை

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில், மழை விட்ட ஓர் ஐப்பசிக் காலையில், வரப்போரம் குத்தவைத்து ஒரு கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையோடு படர்ந்த கொடி. சாம்பல் பூத்த பச்சை. அடிப்பக்கம் உள்வாங்கி, சிறுநீரக வடிவில் இலைகள். பூ என்றால் கருஞ்சிவப்பில் ஒரு சின்னக் குழல், வாய்ப்பக்கம் நாக்கை நீட்டிக்கொண்டு. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினேன். குமட்டும் வாடை விரலில் ஒட்டிக்கொண்டது.

ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்த அம்மா ஒருவர் நின்று பார்த்தார். “அது ஆடுதின்னாப்பாளை தம்பி. இந்த வருசத்துக் குட்டிகூட வாய் வைக்காது. மோந்து பாத்துட்டு அடுத்த செடிக்குப் போயிரும்.” அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குட்டி வந்து மூக்கை நீட்டியது, தும்மியது, பக்கத்தில் இருந்த அறுகம்புல்லுக்குப் போய்விட்டது. “யாரு சொல்லிக் குடுத்தா அதுக்கு?” என்று சிரித்தபடி அவரும் நடந்தார்.

எது தின்னாது என்பதையே ஒரு செடிக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மூலக்கூறு இருக்கிறது: அரிஸ்டோலோகிக் அமிலம். கொடியின் வேர், இலை, விதை எல்லாவற்றிலும் உண்டு. கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய தட்டையான உடல், அதன் ஓரத்தில் ஒரு நைட்ரஜனும் இரண்டு ஆக்ஸிஜனும் சேர்ந்த சின்னத் தொகுதி. வேதியியலில் அதற்கு நைட்ரோ தொகுதி என்று பெயர். இதே தொகுதிதான் வெடிகுண்டுக்குள் அடைக்கும் டி.என்.டி.யில் இருக்கிறது. வயிற்றுக்கடுப்புக்கு மருத்துவர் எழுதித் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையிலும் இருக்கிறது. மூன்றே அணுக்கள் எப்படி ஓரிடத்தில் வெடியாகவும் ஓரிடத்தில் மருந்தாகவும் இன்னோரிடத்தில் மெல்லக் கொல்லும் நஞ்சாகவும் ஆகின்றன என்று கேட்டால், பதில் ஒரு பசியில் போய் முடிகிறது. எலக்ட்ரான் பசி.

ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் சுபாவம் கொண்டது. நைட்ரோவில் அப்படி இரண்டு ஆக்ஸிஜன்கள் இரு பக்கமும் நின்று நடுவில் உள்ள நைட்ரஜனை இழுக்கின்றன. பாடப்புத்தகத்தில் வரையும்போது ஓர் ஆக்ஸிஜனுக்கு இரட்டைப் பிணைப்பும் மற்றதற்கு ஒற்றைப் பிணைப்பும் போடுவோம். உண்மையில் இரண்டு பிணைப்புகளுக்கும் ஒரே நீளம். எதிர்மின்சுமையை இரண்டு ஆக்ஸிஜன்களும் சரிபாதியாக வைத்துக்கொள்கின்றன. நைட்ரஜனுக்கு மிஞ்சுவது நேர்மின்சுமை. இருப்பதைப் பறிகொடுத்த நைட்ரஜன், தான் ஒட்டியிருக்கும் கார்பனிடம் கை நீட்டுகிறது. கார்பன் பக்கத்துக் கார்பனிடம் நீட்டுகிறது. மூலக்கூறு முழுக்க அந்த இழுப்பு தெரியும். ஃபீனால் மிக மெலிந்த அமிலம். அதே ஃபீனாலில் மூன்று நைட்ரோவைச் சேர்த்தால் கிடைக்கும் பிக்ரிக் அமிலம், அமில வலிமையில் அதைவிட நூற்றுக்கணக்கான கோடி மடங்கு பெரியது. மூன்று பசித்த வாய்கள் செய்யும் வேலை அது.

இந்தப் பசி ஆறும் விதம் ஒழுங்கானது. ஒரு நைட்ரோ தொகுதி முழுவதும் பசியாற ஆறு எலக்ட்ரான்கள் வேண்டும். ஆறு கவளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கவளத்தில் அது நிலையில்லாத, வெடுக்கென்று வினைபுரியும் ஒரு தனி உறுப்பாக, அதாவது ராடிக்கலாக, மாறுகிறது. இரண்டு உள்ளே போனால் ஓர் ஆக்ஸிஜனை உதறிவிட்டு நைட்ரோசோ ஆகிறது. நான்கு போனால் ஹைட்ராக்சில்அமீன். ஆறும் போனால் இரண்டு ஆக்ஸிஜன்களும் தண்ணீராக வெளியேறி, அமீன் என்னும் சாதுவான தொகுதி நிற்கிறது. பாடத்தில் இதற்கு ஒடுக்கம் என்று பெயர். யார் ஊட்டினார்கள், எத்தனையாவது கவளத்தில் நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்தே சாயம், மருந்து, நஞ்சு எல்லாம் அமைகின்றன.

ஆறாவது கவளத்தை நான் முதலில் பார்த்தது கல்லூரி ஆய்வகத்தில். கொடுத்த சேர்மத்தில் நைட்ரோ இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். தகரத் துண்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போட்டுச் சூடாக்கினால் தகரம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைகிறது, நைட்ரோ அமீனாகிறது. அதைப் பனிக்கட்டியில் குளிர்வித்து, சோடியம் நைட்ரைட் கரைசல் விட்டு, கடைசியில் காரத்தில் கரைத்த பீட்டா நாப்தாலில் ஊற்றுவோம். எங்கிருந்தோ வந்ததுபோல் செந்நிறச் சாயம் திரளும். வேதியியல் படித்த எவர் சட்டைப் பையிலும் அந்தக் கறை ஒருமுறையாவது விழுந்திருக்கும். துவைத்தாலும் போகாது. போகாது என்பதுதான் அதன் மதிப்பு. உலகின் பெரும்பகுதிச் சாயத் தொழில் அந்தச் சோதனைக் குழாயின் பெரிய வடிவம். திருப்பூரில் பனியன் துணிக்கு ஏறும் சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் இதே அசோ வகைச் சாயங்கள். அவற்றின் முன்னோரைத் தேடிப் போனால் ஒரு நைட்ரோ சேர்மத்தில்தான் நிற்போம்.

1834இல் ஜெர்மனியின் மிட்சர்லிக் பென்சீனிலிருந்து நைட்ரோபென்சீனைச் செய்தார். கசப்பு வாதுமையின் வாசனை அடிக்கும் மஞ்சள் எண்ணெய். அந்த வாசனைக்காகவே மலிவுச் சோப்புகளில் அதைக் கலந்து விற்றார்கள். தோல் வழியே உள்ளே போய் இரத்தத்தின் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும் பொருள் அது. 1842இல் ருஷ்யாவின் கசான் நகரில் நிக்கோலாய் சீனின் நைட்ரோபென்சீனுக்கு ஆறு கவளத்தையும் ஊட்டி, அனிலினைப் பெற்றார். 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்துவிடலாம் என்று ஈஸ்டர் விடுமுறையில் வீட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்தார். அனிலினை வைத்து அவர் செய்ததில் கிடைத்தது கறுப்புக் கசடு. அதைச் சாராயத்தில் கழுவியபோது ஊதா நிறம் இறங்கியது. அந்த ஊதாவுக்கு அனிலின் மட்டும் போதாது. அதில் அழுக்காகக் கலந்திருந்த டொலுயிடினும் தேவை. அனிலின் சுத்தமாக இருந்திருந்தால் செயற்கைச் சாயத் தொழிலின் கதை வேறு நாளில் தொடங்கியிருக்கும்.

காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலும் தொழிற்சாலையில் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது. நைட்ரோ உள்ள ஒரு பென்சீன் வளையத்தில் தொடங்கி, அந்த நைட்ரோவை அமீனாக்கி, அதன்மேல் ஒரு சின்ன அசெட்டைல் தொகுதியை மாட்டுகிறார்கள். மாத்திரையில் நைட்ரோ இருக்காது. அதன் பசி தீர்ந்த இடத்தில் மருந்து தொங்குகிறது.

சீனின் பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். அங்கே அவரிடம் வேதியியல் கற்ற மாணவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் நோபல். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நோபலின் டைனமைட்டில் இருப்பது நைட்ரோகிளிசரின். பெயரில் நைட்ரோ இருந்தாலும் அது நைட்ரோ சேர்மம் கிடையாது. அதில் நைட்ரஜன் நேராகக் கார்பனைத் தொடுவதில்லை. நடுவே ஓர் ஆக்ஸிஜன் நிற்கிறது. வேதியியல் கணக்கில் அது நைட்ரேட் எஸ்டர். இதய வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகவும் அதே பொருள் பயன்படுவது இந்த வேறுபாட்டால்தான்: உடலில் அது நைட்ரிக் ஆக்சைடை விடுவித்து இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. கார்பனை நேராகப் பற்றிய நைட்ரோ அவ்வளவு எளிதில் பிரிந்து வராது.

டி.என்.டி. அசல் நைட்ரோ சேர்மம். 1863இல் யூலியுஸ் வில்பிராண்ட் அதைச் செய்தது மஞ்சள் சாயத்துக்காக. அதன் வெடிக்கும் குணம் புரியப் பல ஆண்டுகள் ஆயின; அவ்வளவு மந்தமானது. இங்கே பசியாற வெளியாள் தேவையில்லை என்பதுதான் விஷயம். எரிவதற்கு வேண்டிய கார்பனும், எரிக்க வேண்டிய ஆக்ஸிஜனும் ஒரே மூலக்கூறுக்குள், ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கின்றன. போதிய அதிர்ச்சி கிடைத்ததும் மூலக்கூறு தன்னைத்தானே தின்றுவிடுகிறது.

அதில் நிறைய ஆற்றல் அடைபட்டிருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். கணக்குப் பாருங்கள். ஒரு கிராம் டி.என்.டி. வெடித்தால் வெளிவருவது ஏறத்தாழ 1 கிலோகலோரி. ஒரு கிராம் அரிசியில் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஒன்பது மடங்கு. அரிசியை உடல் பல மணி நேரம் எடுத்து, காற்றில் உள்ள ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி எரிக்கிறது. டி.என்.டி.யில் வெடிப்பலை நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அழிவு முழுக்க அந்த வேகத்தில் இருக்கிறது. அப்படியும் அதன் ஆறு ஆக்ஸிஜன்கள் ஏழு கார்பன்களுக்குப் பற்றாது. டி.என்.டி. வெடிக்கும் இடத்தில் கரும்புகை எழுவது எரியாமல் மிஞ்சிய கார்பனால்.

முதல் உலகப் போரில் பிரிட்டனின் குண்டு ஆலைகளில் இதைக் கையாண்டவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். தோலும் தலைமுடியும் மஞ்சளாகிப்போனதால் ஊரார் அவர்களைக் கேனரிக் குருவிகள் என்று அழைத்தார்கள். நிறம் வெளியே தெரிந்தது. உள்ளே கல்லீரல் வேறு வேலை செய்துகொண்டிருந்தது: உடலுக்குள் புகுந்த டி.என்.டி.யின் நைட்ரோக்களுக்கு அதன் நொதிகள் எலக்ட்ரான் ஊட்டின. பாதிவழியில் உருவாகும் பொருள்கள் கல்லீரலையே தாக்கின. நச்சு மஞ்சள்காமாலை என்று பதிவானவர்களில் ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். போர்முனைக்கே போகாமல் போரில் செத்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை என்பதால் அந்த மஞ்சளை நாம் பார்த்ததில்லை.

1888இல் ஆல்பர்ட் பாவர் டி.என்.டி.யைப் போன்ற வெடிபொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு குடுவையிலிருந்து கஸ்தூரி மணத்தது. மான் வயிற்றில் இருந்து வரும் பொருளுக்கும் அந்த மூலக்கூறுக்கும் அமைப்பில் ஒற்றுமையே இல்லை. மூக்குக்கு மட்டும் இரண்டும் ஒன்று. அடுத்த நூறு ஆண்டுகள் சோப்பிலும் சலவைத் தூளிலும் அத்தரிலும் நைட்ரோ கஸ்தூரிகள் மணத்தன. ஆறுகளிலும் தாய்ப்பாலிலும் அவை சேர்வது தெரிந்த பிறகே ஒவ்வொன்றாக விலக்கினார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் மனிதக் கை செய்தவை. நைட்ரோ என்பது ஆலைச் சரக்கு, இயற்கையில் இருக்காது என்றே வேதியியலாளர்கள் வெகுகாலம் நம்பினார்கள். 1949இல் அந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் உடைந்தது. வெனிசுவேலா மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரி சுரக்கும் குளோராம்ஃபெனிகாலின் அமைப்பை அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். அதில் ஒரு நைட்ரோபென்சீன் வளையம் இருந்தது. டைஃபாய்டுக்கு அதுதான் முதல் உறுதியான மருந்து. நம் பெற்றோர் தலைமுறையில் அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். எலும்பு மச்சையை அரிதாகச் செயலிழக்கச் செய்யும் என்பது தெரிந்து, 1972இல் கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைஃபாய்டும் பரவிய பிறகு, இப்போது அது பெரும்பாலும் கண்மருந்தில் ஒதுங்கியிருக்கிறது.

அதே 1949இல் இன்னொன்று. ஜாவாவில் ஒரு கொடியின் வேர்ப்பட்டையிலிருந்து 1920இல் பிரித்திருந்த ஒரு பொருளில் உள்ள அமிலம், உண்மையில் 3-நைட்ரோபுரோப்பனாயிக் அமிலம் என்று தெரியவந்தது. அந்தக் கொடி நமக்கு அந்நியம் கிடையாது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் வரும் குருக்கத்தி, மாதவிக்கொடி என்றும் சொல்வோமே, அதேதான். வெள்ளை இதழில் ஒன்று மட்டும் மஞ்சள் பூசிக்கொண்டு மணக்கும் பூ. அதன் வேர்ப்பட்டையில் உள்ள நைட்ரோ, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக முடக்கும். சீனாவில் பூசணம் பிடித்த கரும்பைத் தின்ற குழந்தைகள் 1970கள் தொடங்கிப் பல ஆண்டுகள் கைகால் முறுக்கிக்கொண்டு ஊனமானதற்கும் காரணம் இதே அமிலம். கரும்பில் வளர்ந்த பூஞ்சை அதைச் செய்திருந்தது. பழைய கரும்பை வெட்டும்போது உள்ளே செம்பழுப்பாக இருந்தால் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனமில்லை.

உயிர்கள் நைட்ரோவைச் செய்யும் வழி எங்கள் ஆய்வகச் சோதனையின் தலைகீழ். குளோராம்ஃபெனிகாலைச் சுரக்கும் நுண்ணுயிரி முதலில் சாதுவான அமீனைத்தான் செய்கிறது. பிறகு இரும்பு அணுக்கள் இரண்டைப் பொதிந்த ஒரு நொதி, காற்றின் ஆக்ஸிஜனைக் கொண்டு, அந்த ஆறு கவளத்தையும் வாயிலிருந்து பிடுங்கிப் பசியை உண்டாக்கி அனுப்புகிறது.

மெட்ரோனிடசோலின் கதையும் இப்படி ஒரு மண் நுண்ணுயிரியில்தான் தொடங்குகிறது. 1953இல் ஜப்பானில் அசோமைசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். ஐந்து அணு வளையத்தில் ஒரு நைட்ரோ. பாரிஸில் ரோன்-பூலன்க் நிறுவனத்தார் அதைப் போல நூற்றுக்கணக்கில் செய்து பார்த்ததில் மெட்ரோனிடசோல் தேறியது. 1959 முதல் பெண்களின் பிறப்புறுப்பில் தொற்றும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்குக் கொடுத்தார்கள். 1962இல் இங்கிலாந்தில், அந்தத் தொற்றுக்காக மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு நெடுநாள் இருந்த ஈறு அழற்சியும் குணமானது. அவர் அதைச் சொன்னார். பல் மருத்துவர் காது கொடுத்துக் கேட்டு, மருத்துவ இதழுக்கு எழுதினார். ஒட்டுண்ணிக்கான மருந்து பாக்டீரியாவையும் கொல்கிறது, அதுவும் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாவை மட்டும் கொல்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. ஒரு நோயாளி தன் வாயைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம், அறுவை சிகிச்சைக் கூடங்களின் வழக்கத்தையே மாற்றியது.

காற்றில்லாத இடத்தில் மட்டும் ஏன்? முதல் கவளத்தைக் கவனியுங்கள். மெட்ரோனிடசோல் நம் செல்லுக்குள்ளும் போகிறது, வயிற்றுக்கடுப்பு தரும் அமீபாவுக்குள்ளும் போகிறது. இரண்டு இடத்திலும் அது ஓர் எலக்ட்ரானுக்கு வாய் திறக்கிறது. நம் செல்லில் அந்த எலக்ட்ரான் கிடைத்தாலும் பக்கத்திலேயே ஆக்ஸிஜன் நிற்கிறது. நைட்ரோவைவிடப் பெரிய பசிக்காரன். வாயில் போட்டதைத் தட்டிப் பறித்துக்கொள்கிறது. மருந்து பழையபடி, வந்த கோலத்திலேயே நிற்கிறது. பெருங்குடலின் இருட்டில் வாழும் அமீபாவுக்கு அந்தக் காவல் இல்லை. எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் ஃபெரடாக்ஸின் என்ற புரதத்தை வைத்துத்தான் அது பிழைப்பே நடத்துகிறது. பறிப்பார் இல்லாததால் நைட்ரோ அடுத்தடுத்துத் தின்று உடைகிறது. உடைந்த துண்டுகள் டி.என்.ஏ.வை அறுக்கின்றன. மருந்து அமீபாவைத் தேடிப் போவதில்லை. அமீபா தன் கையாலேயே மருந்தை நஞ்சாக்கிக்கொள்கிறது.

மாத்திரை வாயில் சற்று நேரம் தங்கினால், செப்புக் காசை நக்கியதுபோல் ஓர் உலோகக் கசப்பு நாக்கில் ஏறி நாள் முழுக்க இறங்காது. ஏழு நாள் அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், சோறு எப்படி இரும்பாக ருசிக்கும் என்று. அந்தக் கசப்பை நான் சகித்துக்கொண்டது இந்த வேதியியலைத் தெரிந்த பிறகுதான்.

இந்த வரிசையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1980களின் இறுதியில் மும்பையில் சீபா-கெய்கி நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் கே. நாகராஜன் குழுவினர் செய்த நைட்ரோஇமிடசோல்களில் ஒன்று காசநோய்க் கிருமியைக் கொன்றது. மரபணுவைக் கெடுக்கும் குணம் அதில் தெரிந்ததால் கைவிட வேண்டியதாயிற்று. அந்த எலும்புக்கூட்டின் மேல் பிறர் கட்டி எழுப்பியதுதான் பிரீட்டோமானிட். மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கும் எலக்ட்ரான் ஊட்டுவது காசக் கிருமியின் சொந்த நொதிதான். ஊட்டியதும் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு, உறங்கிக் கிடக்கும் கிருமியின் மூச்சை நிறுத்துகிறது.

இனி வரப்புக்குத் திரும்புகிறேன். சொல்ல வந்ததே இதைத்தான்.

1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்ட பெண்கள் சிலர் சிறுநீரகம் சுருங்கிப்போய் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது சீன மூலிகைப் பொடி. அதில் சேர வேண்டியது ஸ்டெஃபானியா என்ற கொடியின் வேர். சீனப் பெயரில் இரண்டுக்கும் ஒற்றுமை இருந்ததால் சேர்ந்தது அரிஸ்டோலோகியா, நம் ஆடுதின்னாப்பாளையின் ஒன்றுவிட்ட உறவு. பாதிக்கப்பட்டவர்கள் நூறைத் தாண்டினார்கள். செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரைச் சோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்தது என்று 2000இல் அறிவித்தார்கள்.

டான்யூப் ஆற்றின் கிளைநதிகளை ஒட்டிய குரோவேசியா, செர்பியா, போஸ்னியா, ருமேனியா, பல்கேரியா நாட்டுச் சிற்றூர்களில் அதற்கு முன்பே, 1950களில் இருந்தே, ஒரு மர்ம நோய் பேசப்பட்டு வந்தது. சில வீடுகளில் மட்டும் நடுவயதில் சிறுநீரகம் கெடும். தண்ணீரைச் சந்தேகித்தார்கள், பூஞ்சையைச் சந்தேகித்தார்கள். கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோகியாவின் விதை கதிரோடு அறுபட்டு, மாவில் அரைபட்டு, ரொட்டியில் வெந்திருந்தது. 2007இல் ஆர்தர் கிரோல்மன் குழுவினர் நோயாளிகளின் சிறுநீரகத் திசுவிலேயே தடயத்தைக் காட்டினார்கள்.

அந்தத் தடயம் எப்படி விழுகிறது? நம் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் நஞ்சு முறிப்பதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. பல பொருள்களுக்கு இரண்டு இரண்டு எலக்ட்ரானாகக் கொடுத்துச் சாந்தப்படுத்துவது அதன் வேலை. இரண்டு இரண்டாக என்பதைக் கவனிக்க வேண்டும். ஒற்றை எலக்ட்ரான் என்றால் ஆக்ஸிஜன் பறித்துக்கொண்டு நம்மைக் காப்பாற்றியிருக்கும். இங்கே அது தலையிட வழியில்லை. அரிஸ்டோலோகிக் அமிலத்தின் நைட்ரோ நான்காவது கவளத்தில் ஹைட்ராக்சில்அமீனுக்கு நிகரான நிலையில் நிற்கிறது. அங்கிருந்து தண்ணீர் கழன்றால் மிஞ்சும் நைட்ரஜன் நேர்மின்சுமையோடு எதையாவது பற்றத் துடிக்கும். தட்டையான மூலக்கூறு டி.என்.ஏ.வின் படிக்கட்டு இடைவெளியில் நுழைந்து, அடினைன் என்னும் எழுத்தைப் பற்றிக்கொள்கிறது. செல் அடுத்த முறை நகல் எடுக்கும்போது அந்த ‘ஏ’ எழுத்து இருந்த இடத்தில் ‘டி’ எழுதிவிடுகிறது. இந்த எழுத்துப்பிழை மரபணு முழுக்க ஒரே பாணியில் விழுவதால், புற்றுக்கட்டியை வாசித்தே இது இந்தக் கொடியின் வேலை என்று சொல்லிவிட முடிகிறது. பற்றிய அமிலம் பல ஆண்டுகள் சிறுநீரகத்தில் அப்படியே கிடக்கும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியான முதல் வகைப் பொருள்களில் சேர்த்திருக்கிறது. புகையிலை இருக்கும் வகை அது.

நம் ஊரில் ஆடுதின்னாப்பாளை நாட்டு மருந்துக் கடையில் பொடியாகக் கிடைக்கிறது. வயிற்றுப்பூச்சிக்கு, கரப்பானுக்கு, விஷக்கடிக்கு என்று கொடுப்பார்கள். ஈஸ்வரமூலி, பெருமருந்துக்கொடி என்று சொல்லும் அதன் சகோதரக் கொடியிலும் இதே அமிலம் உண்டு. கை வைத்தியத்தை நான் எளிதாகத் தள்ளுகிறவன் இல்லை. என் ஆத்தா கொடுத்த கஷாயங்களில் வளர்ந்தவன். ஆனால் அனுபவ அறிவு எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று யோசிக்கிறேன். தின்ற ஆடு அன்றே சுருண்டால் அடுத்த தலைமுறை அந்த இலைக்குப் பெயரே வைத்துவிடும். பூச்சிக்குப் பொடி குடித்த பிள்ளைக்கு இருபது முப்பது ஆண்டு கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால், அதை இதோடு எந்த வைத்தியர் முடிச்சுப் போடுவார்? இது சித்த மருத்துவத்துக்கு மட்டும் நேர்ந்த தவறும் கிடையாது. ஜெர்மனியில் 1980களின் தொடக்கம் வரை இந்த அமிலம் சேர்ந்த மருந்துகள் ஆங்கில மருந்துக் கடையில் விற்றன. எலிகளுக்குப் புற்று வந்த பிறகே திரும்பப் பெற்றார்கள். இந்தக் கொடியை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். எந்த நோய்க்கும் வேண்டாம். எவ்வளவு சொற்பம் என்றாலும் வேண்டாம்.

ஆடு மாடு தின்னாத தழைகளை ஊறவைத்துப் பூச்சிவிரட்டி தயாரிக்கும் இயற்கை விவசாய நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த வாளியில் இதைச் சேர்க்காதீர்கள். மண்ணில் கலந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தைப் பயிர்களின் வேர் உறிஞ்சிக்கொள்ளும் என்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. நொச்சியும் வேம்பும் எருக்கும் இருக்கவே இருக்கின்றன.

அதற்காகக் கொடியைப் பிடுங்கி எறியவும் வேண்டாம். அன்று காலை நான் குத்தவைத்துப் பார்த்தது கொடியை மட்டும் இல்லை. ஓர் இலையின் அடியில் கருஞ்சிவப்பில், உடம்பெல்லாம் சதை முட்கள் நீட்டிய ஒரு புழு, விளிம்பிலிருந்து சீராகக் கடித்துக்கொண்டே வந்தது. கிரிம்சன் ரோஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. இந்த இனக் கொடிகளைத் தவிர வேறு எதையும் அது தின்னாது. தின்ற அமிலத்தைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது. கூடு உடைத்துப் பறக்கும்போதும் அது உடம்பில் இருக்கும். கறுத்த சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள், குங்குமம் அப்பிய உடல். பறவைகள் ஒருமுறை கொத்திப் பார்த்தால் மறுமுறை தொடுவதில்லை. அதனால்தான் அது அவசரமே இல்லாமல் பறக்கிறது.

வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியிலும் ஒரு புழு வளரும், பச்சையாக. அதிலிருந்து வரும் காமன் மார்மன் இனத்தின் பெண்பூச்சிகளில் சில, கிரிம்சன் ரோஸின் சிறகை வெள்ளைப் பட்டை சிவப்புப் புள்ளி உட்பட அப்படியே உடுத்திக்கொண்டு, அதே சோம்பல் நடையில் பறக்கும். கறிவேப்பிலையில் வளர்ந்த அந்த உடம்பில் நைட்ரோ ஒரு துளிகூடக் கிடையாது. பறவைக்கு அது தெரியாது. நீங்கள் பார்த்துச் சொல்லிவிடலாம்: பூவில் உட்காரும்போது உடலைக் கவனியுங்கள். சிவப்பாக இருந்தால் ஆடுதின்னாப்பாளை தின்று வளர்ந்தது. கறுப்பாக இருந்தால், உங்கள் வீட்டுக் கறிவேப்பிலை.